திரையில் உயர்ந்த கை

கல்யாண வீட்டில் மாலை மாற்றும் நேரம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பந்திக்கு முந்திக்கொள்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சுற்றி நின்று சிரிக்கிற அந்தச் சிரிப்பை என்னால் நின்று கேட்க முடியாது, அவ்வளவுதான்.

நானும் என் தங்கையும் மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர்கள். அவள் பிறந்தபோது தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டது. பிள்ளை மூச்சுத் திணறிச் செத்துவிடுமே என்று பிரசவம் பார்த்தவர்கள் இழுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. வலது கைக்குப் போகிற நரம்புகள் அந்த இழுப்பில் பிய்ந்துபோயின. இழுத்தவர்களை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. உயிர் வந்ததே போதும் என்பாள். என்னால் அப்படி இருக்க முடிந்ததில்லை. யார்மேல் என்று தெரியாமலே எனக்குக் கோபம் இருந்தது.

அந்தக் கை வளர்ந்தது, கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் உள்நோக்கித் திரும்பி. விரல்கள் நன்றாக வேலை செய்தன. எழுதுவாள், பூக்கட்டுவாள். ஆனால் தோளுயரத்துக்கு மேலே தூக்க முடியாது. தூக்க முயன்றால் முழங்கை தானாக மடங்கி, நாயனம் ஊதுகிறவரின் கைபோல வாய்க்கு நேராக வந்து நிற்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும், அவளை ‘நாயனம்’ என்றே கூப்பிட்டார்கள். கோயிலில் இடது கையால் தீபத்தைத் தொட்டுக் கும்பிட்டதற்குக் கிழவிகள் திட்டினார்கள். அவள் வளர வளர அந்தக் கையை ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். வெளியே போனால் கைப்பையை வலது முழங்கையில் மாட்டிக்கொள்வாள். பை தொங்குவதால் கை மடங்கியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். நான் ஒரு சீன முதலாளியின் கடையில், தவுக்கே என்போம் அவரை, ரேடியோ, டிவி பழுதுபார்க்கச் சேர்ந்தேன். பிறகு தவுக்கே கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்ததும் அதையும் பிரித்துப் போடக் கற்றுக்கொண்டேன். தங்கை ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர். அந்த வேலைக்கு ஒரு கையும் நல்ல குரலும் போதும். இரண்டும் அவளிடம் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல உயரம், அதிகம் பேசாதவன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, தங்கை காப்பித் தட்டை வலது முன்கையில் ஏந்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கூர்மை. பெண்ணுக்குக் கையில் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சின்ன வயதில் விழுந்ததில் லேசான வலி, மழைக் காலத்தில் மட்டும் என்றாள். அவர்கள் போனபிறகு நான் கத்தினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், நான் ஒன்றுதானே சொன்னேன் என்றாள் அம்மா.

தேதி குறித்தாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

“தாலி கட்டிக்கிறதுக்கு நான் சும்மா ஒக்காந்திருந்தா போதும் அண்ணே. மால மாத்துறதுதான். மூணு வாட்டி அவரு தலைக்கு மேல தூக்கிப் போடணும். யாரும் எங்கையப் புடிச்சித் தூக்கிவிடக் கூடாது. நானே போடணும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். சீரும் சிறப்பும் கேட்கவில்லை, ஊரைக் கூட்டச் சொல்லவில்லை. நானூறு பேர் பார்க்க, தன் கையால் ஒரு பூமாலையை ஒரு மனிதன் கழுத்தில் போட வேண்டும். உலகத்தில் எந்தப் பெண்ணும் யோசிக்காமல் செய்கிற காரியம். அதற்கு அவள் என்னிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தோம். பிறந்த உடனே பார்த்திருக்க வேண்டியது, இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். தவுக்கேயின் கடையில், வாங்கிய ஆள் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு தைவான் கம்ப்யூட்டர் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். தவுக்கே எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் பழைய கறுப்புவெள்ளை டிவியோடு இணைத்தேன். அதற்குள் ஒரு கையைச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். எலும்புக்குக் கோடு, மூட்டுக்கு வட்டம், தசைக்கு இன்னொரு கோடு. தசை இழுக்கும்போது அந்தக் கோடு தடிக்கும், விடும்போது மெலியும். தசை எவ்வளவு பலத்தோடு இழுத்தால் மூட்டு எவ்வளவு திரும்பும் என்பதை மெஷின் கணக்குப் போட்டு, படத்தை அழித்து, மறுபடி வரையும்.

பழைய புத்தகக் கடையில் தாதிகள் படிக்கிற ஓர் உடற்கூற்றுப் புத்தகம் கிடைத்தது. அதைப் பார்த்துத் தசைகளைப் போட்டேன். ஆனால் அது நல்ல கையின் படம். என் தங்கையின் கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் ஒரு ஸ்பிரிங் தராசை வாங்கி, அவள் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி, மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று ஒவ்வொரு திசையிலும் இழுக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தேன். சில திசைகளில் முள் நன்றாகவே நகர்ந்தது. பக்கவாட்டில் தூக்கச் சொன்னபோது முள் அசையவே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். போதும் என்றேன்.

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் எங்கள் கடையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். இரண்டை எடுத்து, பள்ளிக்கூட ரூலர் துண்டுகளில் பொருத்தி, அவள் தோளிலும் முழங்கையிலும் வாரால் கட்டினேன். மூட்டு திரும்பினால் குமிழும் திரும்பும். கம்ப்யூட்டரில் விளையாட்டுக் கைப்பிடி செருகுகிற துளையில் அந்த வயர்களைச் செருகினேன். அவள் கையை அசைத்தால் திரையில் இருக்கிற கை அசைய வேண்டும். அசைந்தது. ஆனால் ஆமை வேகத்தில்.

“டிரங்க் கால்ல பேசுற மாதிரி இருக்கு லா அண்ணே,” என்றாள். “நான் தூக்கி எறக்கினதுக்கு அப்புறம்தான் அது தூக்குது.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, மெஷினின் சொந்த மொழியிலேயே எழுதினேன். கோணக் கணக்குகளை ஒவ்வொரு முறையும் போடாமல், முன்கூட்டியே போட்டு அட்டவணையாக உள்ளே வைத்தேன். வேலை முடிந்து வந்தால் சோறு தின்பேன், அதன் முன்னால் உட்காருவேன். அம்மா அந்த மெஷினைச் சனியன் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. தங்கை கையை உயர்த்தினாள். திரையில் அந்தக் கோட்டுக் கை அவளோடு கூடவே உயர்ந்தது. அவள் நிறுத்தினால் நின்றது, மடக்கினால் மடங்கியது. தசைக் கோடுகள் தடித்துத் தடித்து மெலிந்தன. அவள் வெகுநேரம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை அவள் அப்படிக் கூச்சமில்லாமல் ஆட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு திரைக்குக் கிட்டே போய், தோளின் மேல் இருந்த ஒரு கோட்டைத் தொட்டு, இது மட்டும் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஏன் தடிக்கவில்லை என்று கேட்டாள். அது வேலை செய்யாத தசை என்றேன். அதன் வேலையையும் சேர்த்துப் பக்கத்தில் இருக்கிற மற்ற தசைகள் செய்யப் பார்க்கின்றன, அதனால்தான் முழங்கை மடங்கிக்கொள்கிறது என்றேன்.

“எத்தன வருசமா இந்தக் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “பாவம், மத்ததெல்லாம் ஒழைச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.”

என் ஆயுசில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அன்றைக்கு அந்த மத்தியானம் செய்ததுதான் என்று தோன்றுகிறது. அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை.

அடுத்து வழி தேட ஆரம்பித்தேன். அவளைத் தொந்தரவு செய்யாமல், கம்ப்யூட்டரையே திரையில் இருந்த கையைத் தூக்கிப் பார்க்க விட்டேன். உடம்பை இப்படிச் சாய்த்தால், காலை அப்படி வைத்தால், கையை வீசினால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். திரையில் கை உயரும், பாதியில் நிற்கும், விழும். மறுபடி உயரும், விழும். பார்த்துப் பார்த்து எனக்கே தோள் வலித்தது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இரண்டு கையையும் நடுவில் சேர்த்து, பூவுக்குள் மறைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கித் தூக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் இடுப்பைப் பின்னால் சாய்த்து, கைகளைப் பிரித்து மாலையை விரிக்க வேண்டும். அந்த இடத்தில் வலது கை யாருடைய தாங்கலும் இல்லாமல் தானாக நிற்கும். ஆனால் ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் போட்டுவிட வேண்டும்.

எதையும் நான் விடவில்லை. பூக்கடைக்குப் போய், தண்ணீர் தெளித்த கல்யாண மாலையைத் தராசில் மாட்டிப் பார்த்தேன். பூக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வளையல்களின் எடையைச் சேர்த்தேன். பட்டு ரவிக்கை கையை எவ்வளவு இறுக்கும் என்று பார்க்க, ரவிக்கையைப் போட்டுக்கொண்டே பழகச் சொன்னேன். மூன்று தடவை தூக்கினால் வருகிற அசதியையும் கணக்கில் சேர்த்தேன். மாப்பிள்ளையின் தலையைத் தலைப்பாகையோடு ஒரு வட்டமாக வரைந்தேன். அந்த வட்டத்தை அவன் குனிந்து நிற்கிற உயரத்தில் வைத்தேன். குனியாத மாப்பிள்ளை உண்டா? குனிந்தால் ஆயுசுக்கும் பொண்டாட்டிக்குக் குனியணும் என்று கூட்டாளிகள் கத்துவார்கள். அவனும் கொஞ்சம் முறுக்கிக்கொள்வான், பிறகு எப்படியும் குனிவான். நான் பார்த்த கல்யாணம் எல்லாம் அப்படித்தான்.

இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் சொன்னேன். ஒரு போன் போட்டு, உடனே குனிந்துவிடு மாப்பிள்ளை என்று சொன்னால் முடிந்தது. அம்மா குறுக்கே விழுந்தாள். தங்கையும் கூடாது என்றாள். அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது, சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று. தங்கையின் முகத்தில் இருந்தது பயம் இல்லை. அது என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கல்யாணம் வரை தினமும் பழகினாள். நான் மாப்பிள்ளையாக நின்று குனிவேன். அவள் திரையைப் பார்த்தபடியே போடுவாள். பிறகு திரையைப் பார்க்காமல் போட்டாள். கடைசி வாரம் குமிழ்களையும் கழற்றிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டுகூடப் போட்டாள். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்.

முகூர்த்தத்தன்று கமுந்திங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். நல்ல பையன்கள்தான், குறை சொல்ல மாட்டேன். தாலி கட்டியாகிவிட்டது. மேளம் மாறியது. ஐயர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொன்னார். தோழிப்பெண் மாலையைக் கழற்றித் தங்கையின் கைகளில் கொடுத்தாள். தங்கை பழகினபடியே கைகளை நடுவில் சேர்த்தாள். கூட்டாளிகள் ஆரம்பித்தார்கள்.

“குனியாத மச்சான். குனிஞ்சே, அப்புறம் எழும்ப முடியாது லா.”

ஒருவன் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தங்கை அதற்குள் தூக்கிவிட்டாள். மாலை அழகாக உயர்ந்தது, ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. உச்சிக்குப் போனது, இடுப்பைச் சாய்த்தாள், கைகளைப் பிரித்தாள். வலது கை தானாக நின்றது. சத்தியமாக நின்றது. நான் பார்த்தேன். ஆனால் அது நின்ற இடம் அவன் மூக்குக்கு நேராக. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முழங்கை மடங்கியது. மாலையின் ஒரு பக்கம் அவன் தாடையில் உரசிக்கொண்டு இறங்கி, அவள் விரலிலிருந்து நழுவி, மணவறைத் தரையில் விழுந்தது.

அப்போதுதான் அவன் குனிந்தான். எல்லா மாப்பிள்ளையும் குனிவதுபோல, அழகாக, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் தலைக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அவளுடைய வலது கை மட்டும் வாய்க்கு நேராக மடங்கி நின்றது, இறங்க மாட்டாமல்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று, ஏனென்றால் பின்வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. மேளக்காரர்கள் சமாளித்து வேகமாக வாசித்தார்கள். மாலையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். வேறு மாலை வந்தது. அம்மா மேடைக்கு ஓடி, தங்கையின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நானூறு பேர் பார்த்தார்கள். மூன்று தடவையும் அம்மாதான் தூக்கினாள். தங்கை அழவில்லை. துணிக்கடைப் பொம்மைபோல நின்றாள். எனக்கு அந்த மண்டபத்தையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

பிறகு கமுந்திங்கில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அரைகுறையாக. மாமியார் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். விழுந்த மாலையைப் பற்றித்தான் பேச்சு. மாமனாருக்குச் சர்க்கரை ஏறினால் மாலை. மோட்டார் சைக்கிள் பழுதானால் மாலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாப்பிள்ளை திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அவள் ஒரு தம்ளரை எடுக்கப் போனால்கூட ஓடி வந்து எடுத்துக் கொடுத்தானாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

தலை ஆடிக்கு அவளைக் கூட்டி வந்தோம். ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போவது முறை. ஆவணி பிறந்தது, யாரும் வரவில்லை. அம்மா தினமும் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டாள். ஆவணியும் போயிற்று. அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு அம்மா ஒவ்வொரு பதிலாகச் சொன்னாள். இந்தத் தடவை பொய் எதற்கும் உதவவில்லை. நான் அந்த மெஷினைத் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் இருந்த கையை என்ன செய்தேன் என்று தங்கை கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாப்பிள்ளை வந்தான், தனியாக. கூட்டிப் போக வரவில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. தன் அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறாள், வீட்டில் தினமும் சண்டை, கொஞ்ச நாள் போகட்டும் என்றான். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அவன் திருப்பிப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மச்சான். சொல்லியிருந்தா அப்பவே குனிஞ்சிருப்பேன்.”

அவன் சொன்னது உண்மை. அவன் அப்படிப்பட்டவன்தான். ஒரு நல்ல மனிதன் என் முன்னால் உட்கார்ந்திருந்தான், என் தங்கையின் வாழ்க்கை அவன் கண் முன்னாலேயே முடிந்துகொண்டிருந்தது, அவனை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லை.

தங்கை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவனை நேராகப் பார்த்தாள்.

“பாவம் பாத்துக் குனிஞ்சிருப்பீங்க,” என்றாள். “எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்ல வேணாம்னு சொன்னேன்.”

அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். ஓடிப்போய் அவனைக் கூப்பிட வேண்டும் என்று நான் எழுந்தேன். தங்கை இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை விடவில்லை.